தானியங்கி மின்னஞ்சல் மறையாக்கம்

மின்னஞ்சல் மறையாக்கம் என்பது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அஞ்சலின் உள்ளடக்கத்தைக் கணித முறையில் உருமாற்றி அனுப்புவது. எந்த அஞ்சலை மறையாக்க வேண்டும், எந்தச் சாவியைக் கொண்டு மறையாக்க வேண்டும் என்ற முடிவுகளை மென்பொருளே எடுத்தால் அது தானியங்கி மறையாக்கம். முடிவெடுக்கும் வேலை மென்பொருளிடம் போனபின், எடுத்த முடிவைப் பயனருக்கு விளங்கும்படி சொல்லும் பொறுப்பும் அதனுடையதே. மறையாக்கத்துக்கான கணிதம் 1970களிலேயே கைக்கு வந்துவிட்டது. அதை எளிய மக்கள் தவறில்லாமல் பயன்படுத்த வழி காண்பதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

மலேசியாவின் ஈப்போவில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகம், சுங்கை சிப்புட்டில் வசிக்கும் உறுப்பினர் ஒருவருக்குப் பங்காதாய அறிக்கை அனுப்புவதாகக் கொள்ளலாம். ஊர்களுக்கு இடையே தொலைவு குறைவுதான். ஆனால் அஞ்சல் நேராகப் போவதில்லை. சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கு இருக்கும் வழங்கிக்கு முதலில் போகும். அங்கிருந்து உறுப்பினரின் கணக்கு இருக்கும் வழங்கிக்குப் போகும். இவை வேறு நாடுகளிலும் இருக்கலாம். அஞ்சலின் படி அங்கே தங்கும். இந்தப் போக்குவரத்தின் அடிப்படை விதியான எஸ்எம்டிபி 1982இல் வகுக்கப்பட்டபோது, ரகசியம் காக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இடம்பெறவில்லை.

காக்க வேண்டியதோ நிறைய இருக்கிறது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதல் சிறிய கடன் சங்கங்கள் வரை, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் சேமிப்போடு பிணைந்த அமைப்புகள் பல. ரப்பர் தோட்டங்கள் கைமாறி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபின், அந்தக் குடும்பங்கள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் எனப் பிரிந்து வாழ்கின்றன. நிலப்பட்டா, ஊழியர் சேமநிதி, மருத்துவ அறிக்கை எல்லாம் இன்று மின்னஞ்சல் இணைப்பாகப் போகின்றன. அவற்றில் பெரும்பாலும் அடையாள அட்டை எண் இருக்கும். மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும், பேராக் மாநிலத்துக்கு 08. ஓர் எண் வெளியே போனாலே ஒருவரின் வயதும் பிறந்த மாநிலமும் வெளியே போய்விடும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. வணிக நோக்கில் தனிநபர் தரவைக் கையாள்வோர் அதைப் பாதுகாக்கவும் வேண்டும் என்பது அதன் கோட்பாடுகளில் ஒன்று. 2024இல் நிறைவேறிய திருத்தம், தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிப்பதை 2025 ஜூன் 1 முதல் கட்டாயமாக்கியது.

மின்னஞ்சல் மறையாக்கத்தில் இரண்டு வகை உண்டு. முதலாவது வழித்தட மறையாக்கம். ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையில் மட்டும் அஞ்சல் மறைந்திருக்கும். வழங்கியை அடைந்ததும் படிக்கக்கூடிய வடிவத்துக்குத் திரும்பிவிடும். இதற்குப் பயனர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெறுபவரின் வழங்கி இதற்கு இடம் தராதபோது, திறந்த சிவப்புப் பூட்டின் படத்தைக் காட்டும் வழக்கத்தை ஜிமெயில் 2016இல் தொடங்கியது. இரண்டாவது முழு மறையாக்கம். அனுப்புபவரின் கருவியில் மறைந்த அஞ்சல், பெறுபவரின் கருவியில்தான் திறக்கும். இடையில் உள்ள எந்த வழங்கியாலும் அதைப் படிக்க முடியாது.

முழு மறையாக்கத்துக்கு ஆளுக்கு இரண்டு சாவிகள் வேண்டும். பொதுச் சாவி யாரிடமும் கொடுக்கக்கூடியது; அதனால் பூட்ட மட்டுமே முடியும். தனிச் சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். திறப்பது அது மட்டுமே. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் இந்தக் கருத்தை வெளியிட்டனர். பில் சிம்மர்மன் 1991இல் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டு, சாதாரணக் கணினியிலேயே மின்னஞ்சலை மறையாக்க வழி திறந்தார். பிற்பாடு அது ஓப்பன்பிஜிபி என்ற பொதுத் தரமாக வளர்ந்தது.

கருவி வந்தும் மக்கள் கைக்குப் போகவில்லை. ஏன் என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆல்மா விட்டன், ஜே. டி. டைகர் ஆகிய இருவரும் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து, ஓர் அஞ்சலைக் கையொப்பமிட்டு மறையாக்கி அனுப்பச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அதைச் சரியாக முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மூன்று பேர் ரகசியத்தை மறையாக்காமலேயே அனுப்பிவிட்டனர். பெறுபவரின் சாவியால் பூட்ட வேண்டிய இடத்தில் பலர் தம் சொந்தச் சாவியால் பூட்டினர். மென்பொருளின் திரை அழகாகத்தான் இருந்தது. யாருடைய சாவி, எதற்கு, இப்போது என்ன நடந்தது என்பவற்றை அது சொல்லவில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடையாக 2017 டிசம்பரில் ஆட்டோகிரிப்ட் என்ற ஏற்பாட்டின் முதல் நிலை வெளியானது. இதில் மென்பொருளே சாவிகளை உருவாக்கி, அனுப்பும் ஒவ்வோர் அஞ்சலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியிலும் பொதுச் சாவியை இணைத்துவிடும். பெறுபவரின் மென்பொருள் அதை எடுத்துச் சேமித்துக்கொள்ளும். இரண்டொரு சாதாரண அஞ்சல்கள் போய் வந்ததும் இருவரிடமும் மற்றவரின் சாவி இருக்கும். ஆனாலும் ஆட்டோகிரிப்ட் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மறையாக்காது. இருவரும் அதை விரும்புவதாகத் தம் அமைவில் குறித்திருந்தால், அல்லது மறையாக்கிய அஞ்சலுக்குப் பதில் எழுதினால், தானாக இயங்கும். மற்ற வேளைகளில் இயலும் என்று மட்டும் காட்டும். பெறுபவர் தம் தனிச் சாவி இல்லாத கருவியில் அஞ்சலைத் திறந்து திண்டாடக் கூடாது என்பதே இந்த நிதானத்தின் காரணம்.

பெறுபவர் பலராகும்போது கடினம் கூடுகிறது. மேலே சொன்ன சங்க அலுவலகத்தின் கிராணி, உறுப்பினருக்கு எழுதும் அஞ்சல் தானாகவே மறையாக்கத்துக்கு மாறியிருக்கிறது. பிறகு கணக்காய்வாளரின் முகவரியையும் சேர்க்கிறார். கணக்காய்வாளரிடம் சாவி இல்லை. இனி மென்பொருள் அஞ்சலை நிறுத்தலாம். அல்லது மறையாக்கத்தைக் கைவிட்டு அனுப்பலாம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் 2020இல் வெளியான 78ஆம் பதிப்பில் ஓப்பன்பிஜிபியைத் தன்னுள்ளேயே சேர்த்தது. அதன் பிந்தைய பதிப்புகளில் இதற்கென ஒன்றோடொன்று தொடர்புடைய அமைவுகள் உள்ளன: இயலும்போது மறையாக்கத்தைத் தானாகத் தொடங்குவது, பெறுபவர் மாறி இயலாமல் போனால் தானாக நிறுத்துவது, அப்படி நிறுத்தியதை அறிவிப்பது. இவற்றுள் கவனம் வேண்டியது இரண்டாவது. தானாகத் தொடங்குவது தவறினாலும் பயனர் இழப்பது வசதியைத்தான். தானாக நிறுத்துவது அறிவிக்கப்படாமல் போனால் இழப்பது ரகசியத்தை. அறிவிப்பை அணைக்கவே கூடாது.

தெளிவான அமைவுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. அஞ்சல் எழுதும் திரையிலேயே அதன் நிலை தெரிய வேண்டும். நிறத்தால் மட்டுமன்றிச் சொல்லாலும் தெரிய வேண்டும். “இந்த அஞ்சலைப் பெறுபவர் மட்டுமே படிக்க முடியும்”, “இந்த அஞ்சல் மறையாக்கப்படவில்லை; இன்னாரிடம் சாவி இல்லை” என்ற அளவில் சொற்கள் இருந்தால் போதும். கலைச்சொற்கள் அந்தத் திரையில் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் படித்து ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு அந்த இரண்டு வரிகள் தமிழில் கிடைத்தால்தான் அமைவு அவருக்கும் எளிதாகும். கேள்வி கேட்பது ஆபத்து இருக்கும்போது மட்டும் நடக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் கேட்டால் பயனர் படிக்காமலே சரி என்று அழுத்தப் பழகிவிடுவார். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாப் பயனர்களுக்கும் முழு மறையாக்கத்தைக் கொண்டுவந்தபோது எவரிடமும் எதையும் கேட்கவில்லை. முன்னிருப்பாக எது இருக்கிறதோ அதுவே பெரும்பாலோரின் பாதுகாப்பு.

மறையாக்கம் எதைக் காக்காது என்பதையும் திரை சொல்ல வேண்டும். யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது மறையாது. பல மென்பொருள்களில் அஞ்சலின் தலைப்பு வரியும் மறையாது. ஆகவே அந்த வரியில் அடையாள அட்டை எண்ணையோ நோயின் பெயரையோ எழுதலாகாது. ஆட்டோகிரிப்ட், வந்த சாவி உண்மையில் அனுப்பியவருடையதுதானா என்று சோதிப்பதில்லை. பெரிய தொகை, நிலம் போன்றவற்றில் சாவியின் அடையாள எண்ணைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிடுவது நல்லது.

தனிச் சாவி தொலைந்தால் பழைய அஞ்சல்களும் தொலையும். அவற்றை மீட்டுத் தர எந்த நிறுவனத்தாலும் இயலாது. ஆட்டோகிரிப்ட் இதற்காக 36 இலக்கக் குறியெண்ணால் பூட்டிய காப்புப்படியைப் பயனரின் அஞ்சல் பெட்டிக்கே அனுப்பி வைக்கிறது. பெரியவர்களின் கணக்கை மகனோ மகளோ திறந்து கொடுக்கும் வீடுகளில், அந்த எண்ணைத் தாளில் எழுதி நிலப்பட்டா, பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிட வேண்டும். அலுவலகங்கள் தானியங்கி மறையாக்கத்தை இயக்கி, அது நின்றால் தெரிவிக்கும் அறிவிப்பையும் இயக்கி வைக்க வேண்டும். அடையாள அட்டை எண் அடங்கிய அஞ்சலுக்கு மறையாக்கம் இல்லை என்று திரை சொன்னால், அதை அனுப்பாமல் நிறுத்துவதே சரி.