பழைய டிராக்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழில் பெருகியதால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஏர் மாடுகளும் குறைந்துவிட்டன. இதனால் பல்லடம், காங்கயம், உடுமலைப் பகுதிகளில் புது டிராக்டர் வாங்க முதல் இல்லாத சிறு விவசாயிகள் பழைய டிராக்டரை நாடுகின்றனர். நல்ல வண்டி அமைந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பழுதான வண்டி அமைந்தால் நகையை அடகு வைத்த பணம் பட்டறைக்கே போய்ச் சேரும். ஆகவே, புதுப் பெயிண்டைக் கண்டு மயங்காமல் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் அவசியம்.

எஞ்சின்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவும். முன்னதாக ஓட்டிச் சூடேற்றிய வண்டியில் ஸ்டார்ட் ஆவதில் உள்ள குறை தெரியாது. ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கவும்; சூடான நிலையில் திறக்கலாகாது. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தாலும், எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும் உள்ளே கசிவு உண்டு என்று அறியலாம். இத்தகைய வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

புகை: எஞ்சின் சூடான பின்பும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். தொடர்ந்து கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் பம்பில் கோளாறு இருக்கலாம். முன்னதன் செலவு அதிகம்.

வயலில் சோதனை: சாலையில் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. கலப்பையைப் பூட்டி அரை மணி நேரமாவது உழுது பார்க்கவும். இழுவையில் கியர் தானாக விலகுதல், கிளட்ச் வழுக்குதல், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாதல் ஆகிய குறைகள் அப்போதுதான் வெளிப்படும். பிறகு கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தவும். சில நிமிடங்களுக்குள் கலப்பை தரையில் இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு உள்ளது. கலப்பையின் அடியில் எவரும் நிற்கக் கூடாது. இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்துப் பார்க்கவும்.

மணிக்கணக்கு: மீட்டரை மாற்றியிருக்கக்கூடும். மீட்டர் குறைவாகக் காட்டி, பெடல்கள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். பின் டயர்களின் விலை அதிகம். அவை தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசவும்.

ஆவணங்கள்: எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-ம் பெறாமல் முழுத் தொகையையும் கொடுக்கக் கூடாது. படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தரகர் அழைத்து வரும் மெக்கானிக்கை நம்பாமல், தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்வது நலம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று. உழவுக்கு மட்டுமே டிராக்டர் தேவைப்படுவோர், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்த்த பின் முடிவு செய்யலாம்.