இழுக்காத இழுப்பான்

ஜெர்மன் இயந்திரம் ஒன்றின் கையேட்டைத் தமிழில் தரும் வேலை ஒருமுறை வந்தது. ‘ஷ்ரௌபன்ட்ஸீயர்’ என்றொரு கருவி. ‘ஷ்ரௌபே’ என்றால் திருகாணி. ‘ட்ஸீயர்’ என்றால் இழுப்பது. யோசிக்காமல் ‘திருகாணி இழுப்பான்’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த மெக்கானிக் சிரித்தார். “இழுத்தா மரை போயிடும் சார். இது ஸ்குரூ டிரைவர்தானே?”

சொல் புரியாவிட்டால் விரல் போகிற வேலை அது. அகராதியைத் திரும்பவும் எடுத்தேன்.

இந்தச் சொல்லோடு ஜெர்மானியர்களே மல்லுக்கட்டுகிறார்கள். பாட்டில் தக்கையைப் பிடுங்கும் ‘கோர்க்கன்ட்ஸீயர்’ உண்மையிலேயே இழுக்கிறது. திருகாணியை யார் இழுக்கிறார்கள்? விடை ஒரு முன்னொட்டில் இருக்கிறது. ‘இழு’ என்னும் பொருள் தரும் ‘ட்ஸீயன்’ என்ற வினையின் முன் ‘அன்’ சேர்ந்தால், திருகாணியைப் பொறுத்தவரை ‘முடுக்கு’ என்று பொருள். நாமும் ‘இழுத்துக் கட்டு’ என்று சொல்லி இறுக்கிக் கட்டுவதைத்தானே குறிக்கிறோம்?

திருகாணிக்கும் ஜெர்மனிக்கும் பழைய உறவு. தென் ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் நெடுங்காலம் இருந்த ஓவிய ஏடு ஒன்று, 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. திருகாணிக்கு மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தின் படம் அதில் இருக்கிறது.

முன்னொட்டு விளக்கமெல்லாம் பொறியாளர்களுக்குப் போதவில்லை. ஜெர்மன் தர நிர்ணய அமைப்பான ‘டின்’னின் ஆவணங்களில் இந்தக் கருவிக்குப் பெயர் ‘ஷ்ரௌபன்ட்ரேயர்’. அதாவது திருகாணி திருப்பி. தொழில் பழகும் இளைஞர்கள் பழைய பெயரைச் சொன்னால் ஆசிரியர்கள் திருத்துவார்கள். ஆனால் அதே இளைஞர்கள் வீட்டுக்குப் போனதும் பேசுவது பழைய சொல்லைத்தான். சட்டம் போட்டுச் சொல்லை மாற்ற முடிவதில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் ‘தூர்ன்வீஸ்’ முதலிலிருந்தே ‘திருகைத் திருப்பு’ என்றுதான் சொல்கிறது. ஆங்கிலத்திலும் முன்பு ‘டர்ன்ஸ்குரூ’ என்ற பெயர் உண்டு.

தமிழில்? அகராதி ‘திருப்புளி’ என்கிறது. திருப்பு, உளி: திருப்புகிற உளி. முனை உளி மாதிரி, வேலை திருப்புவது. பார்த்ததையும் செய்வதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். ‘டின்’ அமைப்பு குறை சொல்ல இடமே இல்லை.

கையேட்டில் ‘திருப்புளி’ என்றும், பக்கத்திலேயே ‘ஸ்குரூ டிரைவர்’ என்றும் திருத்தி எடுத்துப் போனேன். மெக்கானிக் இரண்டாவது சொல்லைத் தாண்டி முதல் சொல்லுக்கே திரும்பி வந்தார். “எங்க தாத்தா ஆசாரி சார். அவர் இப்படித்தான் கேட்பார். நான்தான் மறந்துட்டேன்.”