வீணாகாத வேகம்

தில்லி மெட்ரோவில் செல்லும் அன்பர்களே! வண்டி நிலையத்தை நெருங்கி வேகம் தணியும்போது நிகழ்வது யாது என்று எண்ணியதுண்டா? பழைய முறையில் தடைக்கட்டை சக்கரத்தில் உராய, ஓட்டத்தின் ஆற்றல் வெறும் வெப்பமாய்க் கழியும். இங்கோ, வண்டியை இழுத்த மோட்டாரே மின்னாக்கியாய் மாறி, மின்சாரத்தை மேற்கம்பிக்குத் திருப்பித் தருகிறது; அருகில் புறப்படும் வேறொரு வண்டி அதனைக் கொண்டு ஓடுகிறது.

இங்ஙனம் மீண்ட மின்சாரத்தைக் கருவிகள் அளந்து பதிகின்றன. அவ்வளவை இருந்தமையாலேயே, 2007-ல் ஐக்கிய நாடுகளின் தூய வளர்ச்சித் திட்டத்தில் இம்முயற்சி பதிவாயிற்று. உலகில் அங்ஙனம் பதிவான முதல் இரயில் திட்டம் இதுவே.

இரயில்வேயில் பேரேடு எழுதும் நாம் ஒன்று அறிவோம்: பற்றை எழுதி வரவை விட்ட ஏடு கணக்காகாது. இக்கணக்கிலோ வரவின் பாதி பயணிகள் கையில் இருக்கிறது. எத்துணை மின்சாரம் மீண்டாலும், வண்டி காலியாய் ஓடின் ஆளுக்கு ஆகும் செலவு ஏறவே செய்யும்.

குளிர்காலப் புகைமூட்டத்தில் நம் குழந்தைகள் இருமுவதைக் கேட்டவாறே தனித்தனிக் காரில் சங்க விழாவுக்கு வருதல் தகுமா? அடுத்த கூட்டத்திற்கு மெட்ரோவிலேயே குடும்பத்தோடு வருவோமாக!