அவனுக்கு வேலை செஞ்ச மாத்திரை, இவளுக்கு ஏன் செய்யல?

திருவண்ணாமலையிலேர்ந்து பேசறேன். இன்னைக்கு விஷயம், ஏடிஎச்டி மாத்திரை. ஒரு இடத்துல உட்கார முடியாம, எதுலயும் கவனம் நிக்காம தவிக்கிற பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து.

ரெண்டு பிள்ளைங்க. ஒரே வயசு, ஒரே எடை, ஒரே டோஸ். பையன் ஹோம்வொர்க்கை முடிச்சிட்டு எழுந்திரிக்கிறான். பொண்ணு சாப்பாட்டைத் தொடல, பகல்லயே தூங்கி வழியறா. உடனே சொந்தக்காரங்க தீர்ப்பு ரெடி: "வளர்ப்பு சரியில்ல." ஆனா இதுக்கான பதில்ல ஒரு பங்கு அந்தப் பொண்ணோட கல்லீரல்ல இருக்கலாம்.

ஏடிஎச்டிக்குக் குடுக்கிற மருந்துகள்ல ஒண்ணு அட்டமாக்செட்டின். நம்ம உடம்பு இதை வெளியேத்துறதுக்கு முக்கியமா ஒரே ஒரு என்சைமைத்தான் நம்பியிருக்கு. அதோட பேரு சிஒய்பி2டி6. இதை உருவாக்குற ஜீன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு நல்லா வேலை செய்யும், சிலருக்கு மந்தமா வேலை செய்யும், சிலருக்கு வேலையே செய்யாது.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். ராஜகோபுரம் வழியா கூட்டம் ஒரே வேகத்துல உள்ள வந்துகிட்டே இருக்கு. வெளிய போற வாசல்ல பாதியை அடைச்சிட்டா என்ன ஆகும்? வர்ற கூட்டம் அதேதான், ஆனா பிராகாரம் நிரம்பி வழியும். என்சைம் மந்தமா இருந்தா ரத்தத்துல மருந்தும் இப்படித்தான் தேங்கும்.

எண்கள்ல பாப்போம். என்சைம் நல்லா வேலை செய்றவங்களுக்கு, அட்டமாக்செட்டின் அளவு பாதியாக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். என்சைம் வேலையே செய்யாதவங்களுக்கு சுமார் 21 மணி நேரம். கணக்குப் போட்டா, 24 மணி நேரம் கழிச்சு முதல் ஆளுக்கு 100ல 4 பங்குகூட மிச்சமில்ல. ரெண்டாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட பாதி அப்படியே இருக்கு. அது மேலதான் அடுத்த நாள் மாத்திரை போய் விழுது. மொத்தத்துல, அதே டோஸ்ல அவங்க உடம்பு பாக்கிற மருந்து ஏறக்குறைய 10 மடங்கு. பசியின்மை, படபடப்புன்னு தொந்தரவுகள் அதிகமாகறது இதனாலதான்.

ஐரோப்பிய வம்சாவளியில 100 பேருக்கு சுமார் 7 பேர் இந்த வகை. நம்ம கதை என்ன? இங்கேர்ந்து செஞ்சி, திண்டிவனம் வழியா சுமார் 100 கிலோமீட்டர் போனா புதுச்சேரி ஜிப்மர். அங்க இருக்கிற ஆய்வாளர்கள் தமிழர்கள்கிட்ட இந்த ஜீன் எந்தெந்த வடிவத்துல இருக்குன்னு பாத்து, 2003ல கட்டுரையா வெளியிட்டாங்க. 2006ல தென்னிந்தியாவோட மத்த மாநிலங்களையும் சேர்த்தாங்க. ஐரோப்பாவுல அதிகமாப் பாக்கிற 'வேலை செய்யாத' வடிவம், கிழக்காசியாவுல அதிகமாப் பாக்கிற 'மந்தமான' வடிவம், ரெண்டுமே நம்மகிட்ட இருக்கு. அதனால வேற நாட்டு சராசரியை வெச்சு நம்ம பிள்ளையைக் கணிக்க முடியாது.

ரொம்ப அதிகமாக் குடுக்கிற இன்னொரு மருந்து மெத்தில்பெனிடேட். இதை உடைக்கிறது சிஇஎஸ்1ங்கிற வேற என்சைம். அதுலயும் வேலையைக் கெடுக்கிற ஒரு அரிதான மாற்றத்தை 2008ல கண்டுபிடிச்சாங்க. அதனால ஒரு மருந்து ஒத்துக்கலன்னா இன்னொண்ணும் ஒத்துக்காதுன்னு முடிவு கட்டக் கூடாது. ரெண்டும் வெளிய போற வாசல் வேற வேற.

சரி, உடனே ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா? இங்கதான் நிதானம் வேணும். இந்த டெஸ்ட் மருந்து எவ்வளவு வேகமா வெளியேறும்னுதான் சொல்லும். எந்த மருந்து பிள்ளைக்குப் பொருந்தும்னு சொல்லாது. அதுக்கு மூளையில டோபமைன் சம்பந்தப்பட்ட ஜீன்களைப் பல வருஷமா ஆராய்ஞ்சும் தெளிவான விடை கிடைக்கல. அதனாலதான் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்கள் அமைப்பு, மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம்னு 2020ல சொன்னாங்க. அட்டமாக்செட்டினோட டோஸை முடிவு பண்றதுக்கு மட்டும், டெஸ்ட் முடிவு ஏற்கெனவே கையில இருந்தா எப்படிப் பயன்படுத்தணும்னு 2019லயே வழிகாட்டி வந்திருக்கு. உதாரணமா, மந்தமான வகைன்னு தெரிஞ்சா, சில நாள்லயே டோஸை ஏத்தாம 2 வாரம் பொறுத்துப் பாப்பாங்க.

டெஸ்ட் இல்லாமலே வீட்டுல செய்யக்கூடியது நிறைய இருக்கு. பசி, தூக்கம், மனநிலை, படிப்பு, நாலையும் தினம் ஒரு நோட்டுல எழுதுங்க. டாக்டர் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தும்போது அந்த நோட்டுதான் அவருக்கு டேட்டா. பிள்ளை வேற என்ன மாத்திரை எடுக்குதுன்னு மறக்காமச் சொல்லுங்க. புளூவாக்செட்டின் மாதிரி சில மருந்துகள் இதே என்சைமைத் தடுத்துடும். ஜீன் நல்லா இருந்தாலும் வாசல் அடைச்ச மாதிரிதான். அட்டமாக்செட்டின் முழுசா வேலை செய்யவே சில வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்களா நிறுத்தவோ, கூட்டவோ வேணாம். அண்ணனோட மாத்திரையைத் தம்பிக்குக் குடுக்கவே குடுக்காதீங்க.

முக்கியமா, மருந்து ஒத்துக்கலன்னா அது பிள்ளையோட பிடிவாதமும் இல்ல, அம்மாவோட தோல்வியும் இல்ல. அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது "ஏன் இவ திருந்த மாட்டேங்கிறா?"ன்னு கேக்காதீங்க. "இந்த டோஸ் இவ உடம்புக்குச் சரியா?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.