பழைய கிட்டாரின் நாதம் மரத்திலா, சுருளிலா?

கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் வண்ண லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார் அன்று 300 டாலருக்கும் குறைவு. இன்று விற்பனைக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அறுபது ஆண்டுகளில் மரம் நன்றாகக் காய்ந்து பக்குவப்பட்டுவிட்டது, அதனால்தான் இந்த நாதம் என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். நாதம் தனித்தன்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி வயதால் வந்ததல்ல, பிறந்த அன்றே பிக்கப்பின் சுருளில் அமைந்துவிட்டது என்பதே என் கட்சி.

எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது பிக்கப்பின் செப்புச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். இந்தக் கிட்டார்களில் இருப்பது சேத் லவர் 1955-ல் வடிவமைத்த ஹம்பக்கர். எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள், மின்சார லைனின் ரீங்காரத்தை ஒன்றுக்கொன்று அடித்துவிட்டு, தந்தியின் சிக்னலை மட்டும் கூட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு சுருளிலும் முடியளவு மெல்லிய கம்பி ஏறத்தாழ 5,000 சுற்று. அன்றைய சுற்றும் முறையில் எண்ணிக்கை பிசகாமல் இருக்கவில்லை. அதனால் ஒரு பிக்கப்பின் மின்தடை 7 கிலோ ஓம், இன்னொன்று 9 வரை போகும். ஆல்னிகோ காந்தங்களும் ஒரே ரகமாக இல்லை. சுற்று கூடினால் சிக்னல் வலுக்கும், ஒத்ததிர்வு அதிர்வெண் கீழே இறங்கும், பளிச்சென்ற மேல்ஒலி மங்கும். அடுத்தடுத்துச் செய்த இரண்டு கிட்டார்கள் வேறுவேறாகப் பேச இதுவே போதும்.

மரத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிரிட்ஜும் கழுத்தும் உறிஞ்சுகின்றன. சில சுரங்கள் சீக்கிரம் அடங்குவது அதனால்தான். ஆனால் இப்படி உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு இரண்டு புதிய மரத்துண்டுகளுக்கு இடையிலும் இருக்கும். மரமே ஒலியெழுப்பும் வயலினில்கூட வயதின் மகிமை சோதனையில் நிற்கவில்லை. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த தனிவாசிப்புக் கலைஞர்கள் பத்துப் பேரால் பழைய இத்தாலிய வயலினையும் புதியதையும் கண்ணால் பார்க்காமல் பிரித்தறிய முடியவில்லை. வயதாக ஆகப் பிக்கப்பின் காந்தம் வலுவிழந்து ஒலி இனிமையாகிறது என்பதும் எடுபடாது. தொந்தரவு செய்யாத ஆல்னிகோ பல பத்தாண்டுகளில் இழப்பது மிகக் கொஞ்சம்.

வயது நிச்சயமாகச் செய்வது தோற்றத்தில்தான். சிவப்புச் சாயம் புறஊதாக் கதிரில் வெளுத்துத் தேன் நிறமாகிறது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு குளிரிலும் வெப்பத்திலும் சுருங்கி விரிந்து மெல்லிய கோடுகளாக வெடிக்கிறது. இவற்றை இப்போது செயற்கையாகவும் உண்டாக்குகிறார்கள். ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியது இரண்டு: பிக்கப்பின் மல்டிமீட்டர் அளவு, பின்மூடியைக் கழற்றி எடுத்த வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் படம். அதில் 1375932 என்று பொறித்திருந்தால், 137 சிடிஎஸ் நிறுவனம், 59 ஆண்டு, 32 வாரம். அந்த வாரத்துக்கு முன் அந்த உறுப்பு கிட்டாரில் ஏறியிருக்க முடியாது. மரத்தின் பக்குவத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பவர் இவ்விரண்டையும் காட்டத் தயங்கினால், கேட்கும் விலையைக் கொடுக்கக் கூடாது.