கற்பனை உலகின் அரசர்கள் – 9: முதலாம் திராயின்

முதலாம் திராயின் தனிமலையின் முதல் குள்ளர் அரசன். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் மத்திய பூமியில், எரபோர் என்று வழங்கும் அந்த மலையில் துரினின் குலத்தார் குடியேறியது இவனால்தான். ‘தி ஹாபிட்’ நாவலின் தோரினுடைய தந்தைக்கும் இதே பெயர் என்பதால், வாசகர்கள் பலர் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுகிறார்கள். அந்தத் திராயின் இரண்டாமவன். இவனுக்கு ஏழு தலைமுறை இளையவன்.

மூன்றாம் யுகம் 1934இல் திராயின் பிறந்தபோது அவன் குலத்தின் தலைநகரம் மோரியா. மித்ரில் என்னும் அரிய உலோகத்துக்காக மேலும் மேலும் ஆழத்தில் தோண்டிய குள்ளர்கள், அங்கே ஒளிந்திருந்த பால்ராக் என்ற நெருப்புப் பூதத்தை எழுப்பிவிட்டார்கள். 1980இல் பாட்டன் ஆறாம் துரின் அதனிடம் மாண்டான். அடுத்த ஆண்டே தந்தை முதலாம் நயினும் மாண்டான். மோரியா காலியானது. 47 வயதில் திராயினுக்கு வாய்த்தது நாடில்லாத அரசுரிமை. ஏறத்தாழ 250 ஆண்டு வாழும் குள்ளர்களுக்கு அது இளம்பருவம்தான்.

தப்பியவர்களில் பெரும்பாலோர் வடக்கே போனார்கள். 1999இல் திராயின் எரபோரை அடைந்து, மலையைக் குடைந்து அரசு நிறுவினான். ‘மலையடி அரசன்’ என்ற பட்டம் அவனிடம் தொடங்குகிறது. மலையின் இதயம் எனப்பட்ட ஆர்க்கன்கல்லும் அவன் காலத்தில்தான் கிடைத்தது. பின்னாளில் தோரினைப் பிடிவாதத்தின் எல்லைக்கே கொண்டுபோய், போரின் விளிம்பில் நிறுத்திய வெள்ளொளி மணி இதுவே. குலத்தின் பெருமையும் கேடும் ஒருசேர இந்த அரசனின் கண்டெடுப்பில் கருக்கொண்டன.

2190இல், 256 வயதில் திராயின் இறந்தான். இருபது ஆண்டுகளில் மகன் முதலாம் தோரின் எரபோரை விட்டுச் சாம்பல் மலைகளுக்குப் போய்விட்டான். அங்கே செல்வம் மிகுதி, குலத்தாரில் பெரும்பாலோர் கூடியதும் அங்கேதான். ஆனால் அப்பால் இருந்த பாழ்நிலத்தில் டிராகன்கள் பெருகின. 2589இல் அவன் வழிவந்த அரசன் முதலாம் டயின் தன் மண்டப வாசலிலேயே ஒரு டிராகனுக்குப் பலியானான். மறு ஆண்டு அவன் மகன் திரோர் ஆர்க்கன்கல்லோடு எரபோர் திரும்பி, அதைத் திராயினின் பெருமண்டபத்தில் வைத்தான். நாலு நூற்றாண்டுக்குப் பின்னும் மண்டபம் முதல்வனின் பெயரையே தாங்கியிருந்தது. 2770இல் ஸ்மாக் என்னும் டிராகன் வந்து மலையைப் பறித்துக்கொண்டது.

இந்த அரசன் டோல்கீனின் கையில் உருவான வழி இன்னும் சுவையானது. 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலின் வரைபடம், மலையில் முன்னொரு காலத்தில் ஆண்டவன் திராயின் என்று சொன்னது. கதையிலோ ஸ்மாக்குக்கு முன் ஆண்டவன் திரோர். திராயின் அவன் மகன். வரைபடத்தைத் திருத்தியிருந்தால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும். டோல்கீன் அதைத் தொடவில்லை. 1951 பதிப்பின் முன்குறிப்பில், வரைபடம் சொல்வது மோரியாவிலிருந்து தப்பி வந்த மூதாதையான முதலாம் திராயினை என்று விளக்கினார். ஒரு பிசகைத் தலைமுறைகளின் வரலாறாக விரித்த இந்தப் பொறுமையில்தான் டோல்கீனின் மேதைமை இருக்கிறது.

முதலாம் திராயின் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் 1955இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ நூலின் பின்னிணைப்பில் இடம்பெற்றன. 1966இல் ‘தி ஹாபிட்’ மீண்டும் திருத்தப்பட்டபோது, மலையைக் கண்டறிந்த முன்னோன் என்று முதல் அத்தியாயத்திலேயே தோரின் அவனைக் குறிப்பிடும்படி டோல்கீன் சேர்த்துக்கொண்டார்.