வண்டி எடுக்கும் முன் தூங்கினாரா?

என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறார். சிக்கல் சுற்றுவட்டாரத்தில் விளையும் முண்டு மிளகாயை மூட்டை ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவார். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே குண்டு மிளகாய்தான். இருபது வருஷமாக ஓட்டுகிறார். குடிப்பழக்கம் கிடையாது. அதனால் நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், போன வருஷம் மாசி மாதம் வரைக்கும்.

அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம். பெண்ணுக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்த மாத்திரை ஒன்றை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு எழுப்பி, சுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்து லோடோடு அனுப்பினேன். பொறுப்பான மனைவி என்ற நினைப்பு வேறு! சாயல்குடி தாண்டி வேம்பார் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே நின்றிருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கிச் சீமைக்கருவேலம் புதருக்குள் போய் நின்றது. இவருக்கு நெற்றியில் நாலு தையல்.

"கண் அசந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. மாட்டைப் பாத்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கால் போகல."

அந்த "கால் போகல" என் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். குளோர்பெனிரமின் என்று போட்டிருந்தது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கிற மருந்துதான். தும்மலை அடக்கும், கூடவே மூளையையும் மந்தமாக்கும். தூக்கம் வந்தால் நமக்கே தெரியும். இந்த மந்தம் இருக்கிறதே, அது சாப்பிட்டவருக்கே தெரியாது. இதைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டக் கூடாது என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற என் கண்ணுக்கு அது தெரியாமல் போயிற்று!

கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர, நல்ல நிலையில் இருப்பவருக்கே ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே இவ்வளவு தூரம்! எங்கள் தெருவில் அது மூன்று வீட்டு வாசல். கண் சொக்கி மூன்று விநாடி போனால் 50 மீட்டர்.

மாத்திரையைச் சொல்லிவிட்டுத் தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியுமா? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவருக்குக் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவருக்கு இருப்பது போலவே மந்தமாகிவிடுவதை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். விடிகாலை 4 மணிக்கு எழுந்த மனுஷர் இரவு 9 மணிக்குப் பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தால்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடிக்காதவர் என்று பெருமைப்பட்டேனே!

பாட்டு வைப்பது, ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். காப்பி வேலை செய்யவும் இருபது, முப்பது நிமிஷம் ஆகும். குடித்த கையோடு வண்டியை ஓரங்கட்டி, கால் மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தால் பலன் உண்டு. அதுவும் தற்காலிகம்தான், ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. சொந்த வண்டிக்காரருக்கு அந்தக் கணக்கை யார் பார்ப்பது? வீட்டில் இருக்கிற நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கிளம்புகிற நேரத்தில்தான் எனக்குச் சீட்டுப் பணம், மாமியார் சொன்ன சொல், எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அவர் முகம் சிவக்கக் கிளம்புவார். அப்புறம் மனசு கேட்காமல் அரை மணிக்கு ஒருதரம் போன் அடித்து, "எங்க வாறீங்க?" என்பேன். சண்டையும் போனும் ரோட்டில் இருக்க வேண்டிய புத்தியை வீட்டுக்கு இழுத்துவிடும். காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் அப்படித்தான். இப்போது நான் கூப்பிடுவதில்லை. சாயல்குடி டீக்கடையில் நிறுத்திவிட்டு அவரே பேசுவார். சீட்டுப் பணம் அவர் திரும்பி வந்து சாப்பிட்ட பிறகுதான்.

பிளஸ் ஒன் படிக்கிற என் மகன் ஒரு விளையாட்டுக் காட்டினான். ஓர் அடி ஸ்கேலை அவன் மேலே பிடித்துச் சட்டென்று விடுவான். கீழே விரலை விரித்து வைத்திருக்கும் அப்பா பிடிக்க வேண்டும். தூங்கி எழுந்த காலையில் 16 சென்டிமீட்டரில் பிடித்தவர், ராத்திரி ஓட்டிவிட்டு வந்த அன்று 25-ல் பிடித்தார். ஒருதரம் ஸ்கேல் தரையிலேயே விழுந்தது. இதை வைத்தியப் பரிசோதனை என்று சொல்ல முடியாது. எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஆனாலும் அன்று அந்த ஸ்கேலைப் பார்த்து அவர் முகம் மாறியதை மறக்க மாட்டேன்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டு வேலையில் ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. மறுநாள் சாயந்தரம் லோடு ஏற்றியாயிற்று. சாவியைக் கையில் எடுத்தவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டினார். "காலையிலதான் சரக்கு வரும் அண்ணாச்சி" என்று வியாபாரிக்குச் சொன்னார். அந்தப் பக்கம் இரைச்சல் எனக்கே கேட்டது. மழை வரும் போலிருக்கவே மூட்டைகளை இறக்கித் திண்ணையில் அடுக்கினோம். அவர் ஒன்பது மணிக்கே குறட்டை விட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் மூன்று பேரும் விடியும் வரை தும்மிக்கொண்டு கிடந்தோம். மாத்திரை யாரும் போடவில்லை.